ஷஹாபுதீன் பாயின் முதல் சீட்டு

தீக்குச்சியை உரசி, எதிரில் நிற்கிறவரின் உதட்டுக்கு நாலு விரல்கடை தள்ளிப் பிடித்துக்கொண்டு, "இப்ப சொல்லுங்க தம்பி, பைப்" என்கிறார் ஷஹாபுதீன்.

எதிரில் நிற்கிறவர் பெயர் மண்ணாங்கட்டி. முதலியார்பேட்டைக்காரர், வயது முப்பதை ஒட்டி. மில்லில் பதிலி வேலை. யாராவது வராத நாளில் மட்டும் கூப்பிடுவார்கள், வாரத்தில் இரண்டு நாள் கூப்பிட்டால் அதிகம். அடுத்த வாரம் சென்னையில் வளைகுடா வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், பைப் ஃபிட்டர் என்று பெயர் கொடுத்திருக்கிறார். "பைப்" என்கிறார். சுடர் அசையாமல் நிற்கிறது.

"இது நம்மூர் பைப்பு. காத்துகூட வராது. உதட்டை நல்லாப் பூட்டுங்க. பூட்டிட்டுப் பட்டுனு தொறங்க."

இரண்டாவது குச்சியில் சுடர் ஆடுகிறது. மூன்றாவதில் அணைகிறது. மண்ணாங்கட்டிக்கு வாயெல்லாம் பல். முன்பெல்லாம் சுடர் அணைந்தவுடன் ஷஹாபுதீன் "வொலா!" என்று பிரெஞ்சில் ஒரு சத்தம் போட்டுத் தொடையைத் தட்டுவார். இப்போது அணைந்த குச்சியை டப்பாவில் போட்டுவிட்டு, "அடுத்தது பாய்லர். இதுக்கு அணையக் கூடாது" என்று நாலாவது குச்சியை எடுக்கிறார்.

முதல் குச்சியை உரசும்போதே, மூலையில் உட்கார்ந்து தாள் மடித்துக்கொண்டிருந்த அவர் மகள் சலீமா எழுந்துவிட்டாள். பசை கிண்டுகிற சாக்கில் பின்கட்டுக்குப் போய்விட்டாள். குச்சி உரசும் சத்தம் கேட்டால் அவள் அந்த இடத்தில் இருப்பதில்லை. மூன்று வருஷமாக இப்படித்தான்.

பெரிய மார்க்கெட்டில் பூ விற்கிற வாசலுக்கு எதிர்ச் சந்தில் இருக்கிறது கடை. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் தெருவில்தான் நிற்க வேண்டும். போர்டில் பைண்டிங் என்று மட்டும் எழுதியிருக்கிறது. பள்ளிக்கூடப் புத்தகமும் ஆபீஸ் ரிஜிஸ்தரும் வரத்தான் செய்கின்றன. ஆனால் பத்துப் பேர் வந்தால் ஆறு பேர் "சீட்டு பாய் கடை இதானா?" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள்.

சீட்டு என்பது வேறொன்றுமில்லை. பைண்டிங்கில் ஓரம் வெட்டும்போது நீள நீளமாக விழுகிற தாள்தான். ஒரு சீட்டுக்கு ஓர் இங்கிலீஷ் வாக்கியம், தமிழ் எழுத்தில். அவரவர் வேலைக்கு ஏற்றபடி பத்துப் பன்னிரண்டு சீட்டு எழுதி, ஓர் அட்டையில் மேலிருந்து கீழாக ஒட்டித் தருவார். அட்டை சட்டைப் பையில் அடங்கும்.

வெறும் தமிழ் எழுத்துதானே என்று நினைத்தால் ஏமாந்தோம். பைப் என்பதன் ப வெறும் ப. பாய்லரின் ப வந்தால் அதற்கு அடியில் ஒரு சிவப்புப் புள்ளி. மெத்தென்று சொல்ல வேண்டும். எந்த எழுத்தில் அழுத்த வேண்டுமோ அதன் தலையில் ஒரு சிவப்புக் கோடு; அதற்கு அவர் சொல்லும் பெயர் "அடி". வால்வு வரும்போது வ-வின் காலில் இரண்டு சின்னப் பல் வரைந்திருப்பார், கீழுதட்டைக் கடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். வாட்டருக்குப் பல் கிடையாது, உதட்டைக் குவித்தால் போதும். எழுதி முடித்த சீட்டைத் தள்ளி வைத்துப் பார்த்தால் அம்மை போட்ட முகம் மாதிரி இருக்கும். "கண்ணால படிக்காதீங்க, வாயால படிங்க" என்று சொல்லி, சுவரில் மாட்டியிருக்கும் சவரக் கண்ணாடி முன்னால் ஆளை நிறுத்திவிடுவார்.

இதனால் அவருக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. யாரோடு பேசினாலும் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைப் பார்ப்பார். மார்க்கெட்டில் மீன் விற்கிற வீராயி ஒருநாள் கத்தியே விட்டாள். "இன்னா பாய், எம் பல்லையே பாத்துக்கினு கீற? மீனைப் பாரு பாய், மீனை!" சோறு தின்னும்போதும் அவர் உதடு சும்மா இருக்காது. காலையில் ரேடியோவில் இங்கிலீஷ் செய்தி வந்தால் காதில் செருகிய பென்சில் கைக்கு வந்துவிடும். செய்தியில் யார் ஜெயித்தார்கள், எங்கே வெள்ளம் என்று கேட்டால் தெரியாது. எந்தச் சொல்லுக்கு எந்த எழுத்தில் அடி என்று கேளுங்கள், சொல்வார்.

இத்தனைக்கும் அவர் படித்தது இங்கிலீஷ் இல்லை. பிரெஞ்சுக்காரன் ஊரை ஆண்ட காலத்தில் பிரெஞ்சில் படித்து, பிரெஞ்சில் பரீட்சை எழுதி, ஓர் அலுவலகத்தில் நகல் எழுதும் குமாஸ்தாவாக உட்கார்ந்தவர். இருபத்து நாலு வயதில் கொடி மாறியது. கோப்பெல்லாம் இங்கிலீஷுக்கு மாறியது. சென்னையிலிருந்து வந்த புது அதிகாரி ஒருநாள் எல்லார் முன்னிலும் ஒரு கோப்பை நீட்டி, வாசி என்றார். பிரெஞ்சில் சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கிவிட வேண்டும். அந்தப் பழக்கத்தில் இவர் கவர்ன்மெண்ட் என்பதைக் குவெர்ன்மான் என்று வாசித்தார், ரிப்போர்ட்டை ரப்போர் என்று வாசித்தார். அறையே சிரித்தது. கூடப் பிரெஞ்சு படித்தவர்களும் சிரித்தார்கள் என்பதுதான் அவருக்கு இன்றைக்கும் ஆறாதது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேலையை விட்டார். மாமனாரின் பைண்டிங் கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

அந்தக் கடைக்குத்தான் ஒரு புத்தகம் வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய ஒரு குடும்பம் பைண்டு பண்ணக் கொடுத்துவிட்டு, திரும்பி வாங்காமலே கப்பலேறிப் போனது. பிரெஞ்சுக்காரன் இங்கிலீஷ் வாசிக்கக் கற்றுக்கொள்வதற்கான புத்தகம். இடப்பக்கம் இங்கிலீஷ் சொல். வலப்பக்கம் அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று பிரெஞ்சு எழுத்தில். அவ்வளவுதான், நானூறு பக்கமும் இதே. பொருள் என்று ஒரு வரி கிடையாது. ஷஹாபுதீன் அதைப் பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு ஒவ்வொரு சத்தமாக மாற்றினார். எட்டு வருஷம் மாற்றினார். தன் வாயைப் பார்த்துச் சிரித்த மாதிரி இந்த ஊரில் இன்னொருத்தன் வாயைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே வைராக்கியம்.

சிரிப்புக்கும் குறைவில்லாத காலம் அது. வைத்திக்குப்பத்து அம்மாவாசை, வெள்ளைக்காரர்களைப் படகில் ஏற்றிக் கடலைச் சுற்றிக் காட்டலாம் என்று சீட்டு எழுதி வாங்கிப் போனார். கம் ஸர், குட் போட், நோ ஃபியர். பத்து நாள் கடற்கரையில் நின்று மனப்பாடம் பண்ணி, பதினோராம் நாள் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியிடம் மூச்சு விடாமல் மொத்த அட்டையையும் ஒப்பித்தார். அவர்கள் கைகொட்டிச் சிரித்து ஏதோ சொன்னார்கள். "இங்கிலீசு தெரியாதவனா வந்து வாய்ச்சான் பாய், அவன் பிரெஞ்சுக்காரன்!" என்று அம்மாவாசை கடையில் வந்து தலையில் அடித்துக்கொண்டார். ஷஹாபுதீன் சிரித்துச் சிரித்து இருமினார். அதே அட்டைக்குப் பின்பக்கம் பிரெஞ்சிலும் எழுதிக் கொடுத்தார்.

எழுபதுகளின் நடுவில் ஊர் வளைகுடாப் பக்கம் திரும்பியது. வெல்டர், கொத்தனார், பைப் ஃபிட்டர் என்று சீட்டுக்கு வரிசை நின்றார்கள். அப்போதுதான் எல்லா அட்டைக்கும் பொதுவாக ஒரு முதல் சீட்டு எழுத ஆரம்பித்தார். யெஸ் ஸர். ஐ அண்டர்ஸ்டாண்ட். புரிகிறது ஐயா. 'ஸ்டா'வின் தலையில் ஓர் அடி. "என்ன கேட்டாலும் மொதல்ல இதைச் சொல்லுங்க. நெஞ்சை நிமித்திச் சொல்லுங்க. சொல்லிட்டு லேசாச் சிரிங்க. பாதி இண்டர்வியூ முடிஞ்சுபோச்சு." அது உண்மையாகவும் இருந்தது. போனவர்களில் முக்கால்வாசிப் பேர் தேறினார்கள். சந்து முழுக்க அந்த வாக்கியம்தான் கேட்டுக்கொண்டிருக்கும்.

அதை ஊரிலேயே அழகாகச் சொன்னவர் சலீமாவின் வீட்டுக்காரர் அன்வருதீன்.

அன்வருதீன் சைக்கிள் கடையில் வேலை பார்த்தவர். கை வேலையில் சூரர், காது அதைவிடக் கூர்மை. ஒருமுறை கேட்டால் போதும், அதே சத்தம் அப்படியே திரும்பி வரும். ஒரே குச்சியில் பாய்லர் என்று சொல்லிச் சுடரை நிறுத்தி வைத்து, அடுத்த மூச்சில் பைப் என்று சொல்லி அணைப்பார். "வொலா!" என்று மாமனார் தொடையைத் தட்டுவார். வருகிறவர்களிடமெல்லாம் மருமகனைச் சொல்லிக் காட்டச் சொல்லி, அவர்கள் முகத்தைப் பார்ப்பார். மகன் இல்லாத குறையை அல்லா இந்த வழியில் தீர்த்துவைத்தான் என்று நினைத்தார். சென்னை இண்டர்வியூவில் உதவியாள் வேலைக்குப் போனவரை, பேச்சைக் கேட்டுவிட்டு, நேரே ஃபிட்டராக எடுத்துக்கொண்டார்கள். எழுபத்தொன்பதில் போனார்.

கடிதத்துக்குப் பதில் கேசட் அனுப்புகிற வழக்கம் அப்போது வந்திருந்தது. முதல் கேசட்டில் சலீமாவிடம் பேச வேண்டியதையெல்லாம் பேசி முடித்துவிட்டு, கடைசியில், "மாமா, குச்சியக் கொளுத்துங்க" என்றது குரல். ஷஹாபுதீன் ஓடிப்போய்த் தீப்பெட்டி எடுத்துவந்து டேப்ரிகார்டரின் வாய்க்கு நேரே பிடித்தார். "பைப்" என்றது குரல். சுடர் நின்றபடி நின்றது. சலீமாதான் குனிந்து ஃபூ என்று ஊதிவிட்டு, "அணைஞ்சிடுச்சு அத்தா, அணைஞ்சிடுச்சு" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த வீட்டில் கடைசியாகக் கேட்ட பெரிய சிரிப்பு அது.

எண்பதாம் வருஷம் தந்தி வந்தது. அன்வருதீன் மௌத்து. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். இருபது நாள் கழித்து, கம்பெனியிலிருந்து டைப் அடித்த கடிதம் ஒரு பக்கம் வந்தது. வீடு நிறைய ஆட்கள். ஷஹாபுதீன் கடிதத்தை வாங்கி, அவர் எதையும் வாசிக்கிற மாதிரியே, வாயால் வாசித்தார். அடி விழ வேண்டிய இடத்தில் அடி விழுந்தது. பல் பட வேண்டிய இடத்தில் பல் பட்டது. ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி, ஒரு தட்டுத் தடங்கல் இல்லாமல், மருமகன் செத்த கதையைக் கணீரென்று வாசித்தார். அவருக்குப் பாதிதான் விளங்கியது. கேட்டவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எத்தனை நன்றாக வாசிக்கிறார் என்று மட்டும் எல்லாருக்கும் விளங்கியது.

ஒரு வரியில் ஃப்ளூயெண்ட் என்று ஒரு சொல் இருந்தது. முதல் எழுத்துக்கு அடி, கடைசி எழுத்து லேசாக, எல்லாம் தெரியும். பொருள் தெரியவில்லை. நானூறு பக்கப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். சொல் இருந்தது, சத்தம் இருந்தது. பொருளுக்கு எங்கே போவது? பக்கத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் கலியபெருமாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். கலியபெருமாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துவிட்டு, "வேலைக்கு முன்னாடி எச்சரிக்கை குடுத்தோம், தனக்குப் புரிஞ்சுதுன்னு எறந்தவர் சரளமான இங்கிலீஷ்ல பதில் சொன்னாருன்னு போட்டிருக்கான் பாய். ஃப்ளூயெண்ட்னா சரளம். மாப்ள நல்லாத்தான் பேசியிருக்காரு" என்றார்.

அடுத்த மாதம், அன்வருதீனோடு வேலை பார்த்த கதிர்காமத்து இராமதாஸ் லீவில் வந்தவர், பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் சொன்னார்.

"எங்களுக்கெல்லாம் ஃபோர்மேன் இங்கிலீஷ்ல சொல்லுவான் பாய். ஒரு மலையாளத்துக்காரரு நின்னு தமிழ்ல எடுத்துச் சொல்லுவாரு. அன்வரு கிட்ட மட்டும் நேராப் பேசுவான். இவந்தான் துரை மாதிரி பேசுறானே, இவனுக்கு எதுக்கு எடுத்துச் சொல்றதுன்னு. அன்னைக்கும் அப்பிடித்தான். சங்கு ஊதுற வரைக்கும் அந்த வால்வைத் தொடாத, உள்ள ஆவி இருக்குதுன்னானாம். எங்களுக்கு அப்புறந்தான் தெரியும். இவன் நெஞ்ச நிமித்திக்கினு, யெஸ் ஸர், ஐ அண்டர்ஸ்டாண்ட்னான். நான் பத்தடி தள்ளி நின்னேன் பாய். லேசாச் சிரிச்சான். நேராப் போயித் தொறந்தான்."

இராமதாஸுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. "ஆனா ஒண்ணு பாய். அவன் இங்கிலீஷுக்கு அங்க தனி மரியாதை. சீட்டு எழுதிக் குடுத்தது எங்க மாமான்னு பெருமையாச் சொல்லுவான்."

சலீமா பெட்டியைத் திறந்து, துணிக்கு அடியிலிருந்து அட்டையை எடுத்தாள். வியர்வை பட்டு சிவப்புப் புள்ளியெல்லாம் கலங்கியிருந்தது. முதல் சீட்டு மட்டும் விரல் தேய்ந்து பளபளவென்று இருந்தது. அதை அத்தாவின் கையில் வைத்து, "இது உங்களுது அத்தா" என்றாள். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை, அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி. அழுது திட்டியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். அவள் மறுநாளே கடைக்கு வந்து மூலையில் உட்கார்ந்து தாள் மடிக்கத் தொடங்கிவிட்டாள்.

எட்டு மாதம் சீட்டு எழுதவில்லை. எழுதாவிட்டால் நின்றுவிடுமா? பஸ் ஸ்டாண்டில் எவரோ அவருடைய பழைய அட்டையைச் சின்னப் புத்தகமாக அச்சடித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். புள்ளியும் இல்லை, கோடும் இல்லை. முதல் பக்கத்தில், முதல் வரியில், யெஸ் ஸர், ஐ அண்டர்ஸ்டாண்ட். மார்க்கெட்டுக்குப் போனால் மூட்டை தூக்குகிறவர் அதை முணுமுணுத்துக்கொண்டு போகிறார். பஸ்ஸில் ஏறினால் முன் சீட்டில் ஒருவர் வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறார். ஷஹாபுதீனால் தாங்க முடியவில்லை. மறுபடி பேனாவை எடுத்தார். இந்த முறை முதல் சீட்டு வேறு. முழுக்கச் சிவப்பு மையில் எழுதினார். ஸாரி ஸர். ஐ டோண்ட் அண்டர்ஸ்டாண்ட். ப்ளீஸ் ஷோ மீ. புரியவில்லை ஐயா, கையால் காட்டுங்கள்.

ஒருத்தருக்கும் அது பிடிக்கவில்லை. "புரியலன்னு சொல்றதுக்கா பாய் உன்னாண்ட வந்தேன்? அது எனக்குத் தமிழ்லயே நல்லா வரும்" என்றார் ஒருவர். மற்றவர்கள் மரியாதைக்காரர்கள், ஒன்றும் சொல்லாமல் அட்டையை வாங்கிக்கொண்டு போய், சந்து முனையில் பூக்கடை ஓரமாக நின்று அந்த ஒரு சீட்டை மட்டும் நகத்தால் உரித்துப் போட்டார்கள். சாயங்காலம் கடையைச் சாத்திக்கொண்டு போகும்போது, வாடின மல்லிக்கும் வாழைநாருக்கும் நடுவில் சிவப்புச் சிவப்பாகக் கிடக்கும். குனிந்து எடுப்பார், வேட்டியில் துடைப்பார், சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பசை போதவில்லை என்று பைண்டிங் நூலால் அட்டையோடு சேர்த்துத் தைத்துக் கொடுத்துப் பார்த்தார். பிளேடால் அறுத்தார்கள்.

உரிக்காமல் போனவர் ஒருவர் உண்டு. தேவதாஸ் என்கிற கொத்தனார். இண்டர்வியூவில் அவர்கள் கேட்டது உண்மையாகவே புரியாமல் போகவே, சீட்டில் இருந்ததை நிறுத்தி நிதானமாகச் சொன்னார், அடி தவறாமல். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். தேவதாஸ் சந்தில் நின்று கடையைப் பார்த்துக் கத்தினார். "உன் சீட்டைப் படிச்சுத்தான்யா என் பொழப்பு போச்சு! மருமவன் செத்தான்னு ஊர்ல எல்லாரையும் போவவுடாம பண்றியா?" பழைய சீட்டை எழுதினால் ஆள் போகிறது, புதுச் சீட்டை எழுதினால் வேலை போகிறது. எழுதாமல் விட்டால் பஸ் ஸ்டாண்டுப் புத்தகம் இருக்கிறது. இதில் எது பாவம் என்று ஷஹாபுதீன் பள்ளிவாசலில் நெற்றியை வைத்துக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

ஆனாலும் விடவில்லை. குச்சியைக் கொளுத்துகிறார், அடியைக் கோடு போடுகிறார், வால்வுக்குப் பல் வரைகிறார். மற்றச் சீட்டெல்லாம் நன்றாக இருந்தால்தானே அந்த ஒரு சீட்டையும் நம்புவார்கள் என்று ஒரு நப்பாசை. நடப்பது என்னவோ தலைகீழ். மற்றது எவ்வளவு நன்றாக நாக்கில் ஏறுகிறதோ, அந்த ஒன்று அவ்வளவுக்கு வேண்டாததாகப் போய்விடுகிறது.

மண்ணாங்கட்டியின் அட்டை தயாராகிவிட்டது. வாங்கி, கண்ணாடி முன்னால் நின்று, மேலிருந்து கீழே வாசித்தவர், முதல் சீட்டுக்குத் திரும்பி வந்தார்.

"பாய், இது மட்டும் வாணாமே."

"இருக்கட்டும் தம்பி."

"கோச்சிக்காதீங்க பாய். சின்னப்பொண்ணு முழுகாம இருக்கா. எம் பொஞ்சாதி. நான் எப்படியாச்சும் போயே ஆவணும். அங்க போயி புரியலன்னு சொன்னா எவன் பாய் எடுப்பான்?"

ஷஹாபுதீன் இதுவரை வெளியாள் ஒருவரிடமும் வாயைத் திறந்து அந்தக் கதையைச் சொன்னதில்லை. இன்றைக்குச் சொன்னார். நாலே வரியில் சொன்னார், மண்ணாங்கட்டியின் வாயைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்துச் சொன்னார். என் மருமகன். புரியாமலே புரிஞ்சுதுன்னு சொன்னான். அப்படிச் சொல்லச் சொல்லிக் குடுத்தது நான்தான். ஆவியில வெந்து செத்தான். பின்கட்டில் பசை கிண்டுகிற சத்தம் நின்றது.

மண்ணாங்கட்டி உச்சுக் கொட்டினார். உண்மையாகவே கண் கலங்கியது. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஆனா அவருக்கு வேலை கெடச்சுதில்ல பாய்?"

ஷஹாபுதீனின் கை தானாகத் தீப்பெட்டிக்குப் போனது. குச்சியை உரசி, மண்ணாங்கட்டியின் உதட்டுக்கு நேரே பிடித்தார். பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீஷைக் கூட்டி, ரேடியோக்காரனின் வேகத்தில், கூரை உன் தலைமேல் இடிந்து விழப்போகிறது, வெளியே ஓடு, ஓடு என்று சொன்னார். சொல்லிவிட்டு, புரிகிறதா என்று இங்கிலீஷிலேயே கேட்டார்.

பரீட்சை என்று மண்ணாங்கட்டிக்குத் தெரிந்துவிட்டது. அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். காலைச் சேர்த்து வைத்து நின்றார். நெஞ்சை நிமிர்த்தினார்.

"யெஸ் ஸர். ஐ அண்டர்ஸ்டாண்ட்."

பஸ் ஸ்டாண்டுப் புத்தகத்தில் படித்ததாக இருக்கும். ஆனால் அடி சரியான இடத்தில் விழுந்தது. சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார்.

சுடர் அசையவில்லை. அந்த வாக்கியத்தில் சுடரை அணைக்கிற எழுத்து ஒன்றும் கிடையாது. ஷஹாபுதீன் அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். குச்சி கறுத்து வளைந்து, சுடர் இறங்கி இறங்கி விரலுக்கு வந்துகொண்டிருந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

சலீமா பின்கட்டிலிருந்து பசைக் கையோடு வந்தாள். இருவருக்கும் நடுவில் வந்து, குனிந்து, அத்தாவின் விரலில் எரிந்துகொண்டிருந்ததை ஊதி அணைத்தாள்.